கோட்டுக்கு வலப்பக்கம்

மேற்குத் தாம்பரத்தில் நான் எடுக்கும் மாலை நேர லினக்ஸ் வகுப்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "சார், இந்தக் கமாண்ட் என்ன சார் பண்ணும்?" என்பதுதான். கேட்பவர்கள் முடிச்சூர், சேலையூர், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள். நான் விளக்க உட்கார்ந்தால் அவர்களுக்குக் கடைசி பஸ் பற்றிய கவலை வந்துவிடும். அதனால் அந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டரிடமே கேட்கும் வித்தையை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவேன். டெர்மினலைத் திறந்து ‘வாட்இஸ்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கமாண்டின் பெயரைக் கொடுத்து என்டர் தட்டினால் போதும். பெயர், அடைப்புக்குறிக்குள் ஓர் எண், ஒரு சிறு கோடு, கோட்டுக்கு வலப்பக்கம் நாலைந்து சொற்கள். மிஞ்சிப்போனால் பத்து, பன்னிரண்டு. அதுதான் பதில்.

விஷயம் தெரிந்ததும் பிள்ளைகள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கோ அந்த வலப்பக்கத்தை விட்டு நகர மனம் வராது. ரசிகமணி டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் அதிலேயே பொழுதைக் கழித்துவிடுவார் என்று சொல்வார்கள். பாட்டில் நிற்கலாம், கம்ப்யூட்டர் கையேட்டில் நிற்க என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு, நான் ருசித்த சில வரிகளைக் காட்டுகிறேன். மூலம் ஆங்கிலம்; பொருள் கெடாமல் தமிழில் தருகிறேன்.

முதலில் ‘ட்ரூ’. லினக்ஸில் இதைவிடச் சோம்பேறிக் கமாண்ட் கிடையாது. எதையும் படிக்காது, எதையும் எழுதாது, திரையில் ஒரு புள்ளிகூட வைக்காது. ‘எல்லாம் சரியாக முடிந்தது’ என்பதற்கு அடையாளமான 0 என்ற எண்ணை மட்டும், நாம் அடிப்பதை வாங்கி ஓட்டும் ஷெல்லிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும். நிரலுக்குள் எப்போதும் ‘ஆம்’ சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கும் இடங்களில் இதை நிறுத்துவார்கள். லினக்ஸின் அடிப்படைக் கமாண்டுகளை எழுதிய க்னூ திட்டம் இதற்குத் தரும் வரி: ‘ஒன்றும் செய்யாது, வெற்றிகரமாக.’

அந்தக் காற்புள்ளியைப் பாருங்கள். அதற்கு முன்னால் இருப்பது கமாண்டின் வேலை. பின்னால் இருப்பது அது தரும் விடை. காற்புள்ளியை எடுத்துவிட்டுச் சேர்த்துப் படித்தால் யாரையோ கேலி செய்வது போலாகிவிடும். இருக்கும்போதோ, சிரிப்பும் வருகிறது, சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இதன் உடன்பிறப்பு ‘ஃபால்ஸ்’. அதன் வரி: ‘ஒன்றும் செய்யாது, தோல்வியாக.’ ஒன்றுமே செய்யாமல் எப்படித் தோற்பது என்று கேட்டால், 0 தருவதற்குப் பதில் 1 தந்து தோற்கிறது. முதல் வரியைப் படித்துப் புன்னகைத்தவர்கள் இரண்டாவதைப் படித்ததும் வாய்விட்டுச் சிரிப்பதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். இரண்டு வரியும் அடுத்தடுத்து வரும்போதுதான் ஒன்றுக்கொன்று பொருள் கூடுகிறது.

இதே கமாண்டுக்கு வேறு கைகள் எழுதிய வரிகளும் உண்டு. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் கையேடு, ட்ரூவையும் ஃபால்ஸையும் ஒரே பக்கத்தில் வைத்து ‘மெய், பொய் மதிப்புகளை வழங்கும்’ என்றது. பெர்க்லி வழி வந்த பிஎஸ்டி அமைப்புகள் ‘மெய் என்ற மதிப்பைத் தரும்’ என்கின்றன. பேஷ் ஷெல் தன் பங்குக்கு ‘வெற்றி என்ற விடையைத் தரும்’ என்கிறது. எல்லாமே சரியான வரிகள்தான். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும். ஆனால் அவை கமாண்ட் செய்வதை மட்டுமே சொல்கின்றன. செய்யாததைச் சேர்த்துச் சொன்னது க்னூவின் வரி. ட்ரூவைப் பொறுத்தவரை செய்யாதது அல்லவா முக்கால் பங்கு? ஏழாம் பதிப்பில் ட்ரூ என்பது ஒரு வெற்றுக் கோப்பு. உள்ளே ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஷெல் அதைத் திறக்கும், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று காணும், வெற்றியோடு திரும்பிவிடும். அந்த வெற்றுக் கோப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் க்னூ வரியின் முழு அருமையும் தெரியும்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தி. க்னூவின் அடிப்படைக் கமாண்டுகளுக்கான கையேட்டுப் பக்கங்களை இப்போது யாரும் உட்கார்ந்து முழுதாக எழுதுவதில்லை. கமாண்ட் தானே தரும் உதவிக் குறிப்பிலிருந்து ‘ஹெல்ப்-டு-மேன்’ என்ற கருவி அவற்றைத் தயாரித்துவிடுகிறது. ஆனால் இந்த ஒற்றை வரியை மட்டும் அந்தக் கருவி யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. ஒவ்வொரு கமாண்டுக்கும் ஒரு துணைக்கோப்பு தனியாக இருக்கிறது. அதில் மனிதக் கையால் எழுதப்பட்டுக் காத்திருக்கிறது இந்த வரி. பக்கம் இயந்திரத்தினுடையது, அதன் நெற்றிப்பொட்டு மட்டும் மனிதனுடையது.

அடுத்து ‘கில்’. பெயரைக் கேட்டாலே பயம். புதிதாக வருபவர்கள் இதை அடிக்கும்போது விரலில் ஒரு தயக்கத்தைப் பார்க்கலாம். வாட்இஸ் சொல்வதோ மிகச் சாது: ‘ஒரு பிராசஸுக்கு ஒரு சிக்னலை அனுப்பும்.’ கொலை பற்றிப் பேச்சே இல்லை. பெயரின் கொடூரத்தை மறைக்க எழுதிய வரி என்று நினைத்துவிடக் கூடாது. கில் உண்மையிலேயே தபால்காரர் வேலைதான் செய்கிறது. எண் எதுவும் சொல்லாமல் விட்டால் 15ஆம் சிக்னல் போகும். ‘முடித்துக்கொள்’ என்று அதற்குப் பொருள். அதைப் பெற்ற நிரல் கோப்புகளை மூடிவிட்டு ஒழுங்காக விடைபெறலாம், காதில் வாங்காமலும் இருந்துவிடலாம். 9 என்று கொடுத்தால்தான் தப்ப வழியில்லை. 0 என்று கொடுத்தால் எந்தச் சிக்னலும் போகாது. அப்படி ஒரு பிராசஸ் இருக்கிறதா, அதற்கு அனுப்ப நமக்கு உரிமை உண்டா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். ‘கொல்லும்’ என்று வரியில் போட்டிருந்தால் இவற்றில் பாதி பொய்யாகியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கில்லின் வரியில் இல்லாத அந்தச் சொல் வேறோர் இடத்தில் வருகிறது. ‘யெஸ்’ என்று ஒரு கமாண்ட். ஒவ்வொன்றுக்கும் ‘சரியா, சரியா’ என்று கேட்டு நச்சரிக்கும் பழைய நிரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வைத்தது. அதன் வரி: ‘ஒரு சொல்தொடரைத் திரும்பத் திரும்ப வெளியிடும், கொல்லப்படும் வரை.’ கில் கொல்வதாகச் சொல்லவில்லை. யெஸ் கொல்லப்படுவதாகச் சொல்கிறது. இந்த ஆமாம் சாமிக்குத் தானாக நிறுத்தத் தெரியாது என்ற எச்சரிக்கையைக் கடைசியில் வைத்து முடித்திருக்கிறார்கள். படிக்காமல் அடித்தவர் திரையில் ‘ஒய்’ என்ற எழுத்து அருவியாகக் கொட்டுவதைப் பார்த்துத் திகைப்பார். படித்தவர் கன்ட்ரோலையும் சி-யையும் தயாராக வைத்திருப்பார்.

‘ஷ்ரெட்’டின் வரியில் வேறு வகை நயம். ‘கோப்பின் உள்ளடக்கம் தெரியாதபடி மேலெழுதும், விரும்பினால் அழிக்கவும் செய்யும்.’ அலுவலகங்களில் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாகக் கிழிக்கும் ஷ்ரெடர் மெஷினை நினைத்துக்கொண்டு வருபவர், கோப்பு மொத்தமாகக் காணாமல் போகும் என்றுதான் எதிர்பார்ப்பார். அழிப்பதே இதன் வேலை என்று நாம் நினைப்பது, வரியில் கடைசியில், ‘விரும்பினால்’ என்ற நிபந்தனையோடு வருகிறது. கமாண்டும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. வெறும் ஷ்ரெட் கொடுத்தால் உள்ளே இருப்பதை வேறு குப்பையால் நிரப்பிவிட்டுக் கோப்பை அங்கேயே வைத்திருக்கும். நீக்கவும் வேண்டும் என்றால் அதற்குத் தனி விருப்பக்குறி கொடுக்க வேண்டும். எது முதல் வேலை, எது உபரி என்பதைச் சொற்களின் வரிசையே சொல்லிவிடுகிறது.

எல்லா வரியையும் பாராட்ட முடியாது. ‘மேன்’ கமாண்டின் வரி சாரமில்லாதது: கணினியின் கையேடுகளுக்கு ஓர் இடைமுகம் என்கிறது, அரசாணையின் முதல் பத்தி போலிருக்கிறது. ‘லெஸ்’ என்ற கமாண்டுக்கு நெடுநாள் இருந்த வரி ‘மோர் என்பதற்கு எதிர்’. மோர் என்பது 1970களின் இறுதியில் பெர்க்லியில் பிறந்த, கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் நிரல். அதைவிட நன்றாகச் செய்ய வந்தது லெஸ். ஏற்கெனவே மோர் தெரிந்தவருக்கு இது நல்ல கிண்டல். தெரியாதவர் மோரைத் தேடிப் போய்த் திரும்பி வர வேண்டும். கேள்வி கேட்டு வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டுச் சிரிக்கும் வரி. எனக்கு அதில் அரை மனசுதான்.

‘டச்’சின் வரியும் விவாதத்துக்கு உரியது. பத்துப் பேரில் ஒன்பது பேர் அதை ஒரு காலிக் கோப்பை உருவாக்கத்தான் பயன்படுத்துகிறார்கள். வரியோ ‘கோப்புகளின் நேரக்குறிகளை மாற்றும்’ என்கிறது. கோப்பு இல்லாவிட்டால் உருவாக்கிவிடும் என்பது பக்கத்துக்குள்ளே போனால்தான் தெரியும். உலகம் ஒரு கருவியை எப்படிப் பயன்படுத்தினாலும், அது எதற்காகப் பிறந்ததோ அதைத்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடிக்கிறது இந்த வரி. ஒரு விதத்தில் மரியாதைக்குரிய பிடிவாதம்.

இந்த வரிகளுக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியிட்டு வந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் எழுதியது. அதில் ஒவ்வொரு கமாண்டுக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் உச்சியில் ‘பெயர்’ என்ற தலைப்பு, அதன் கீழ் கமாண்டின் பெயர், கோடு, ஒரு வரி. ‘எல்எஸ்’ கமாண்டுக்கு அன்று எழுதிய வரி, ‘டைரக்டரியில் இருப்பதைப் பட்டியலிடும்’. இன்று என் மாணவன் லேப்டாப்பில் வருவதும் ஏறக்குறைய அதே வரிதான். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, அதற்குக் கீழே குறைக்கவும் முடியாது.

பக்கங்களின் உச்சியில் சிதறிக் கிடந்த இந்த வரிகளை மட்டும் தனியே திரட்டித் தேடலாம் என்ற யோசனை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய்க்கு வந்தது. 1977இல் ‘மேன்வேர்’ என்று ஒரு சிறு நிரல் எழுதினார். 1979 பிப்ரவரியில் வாட்இஸ்ஸையும் அதன் இணையான ‘அப்ரோபோஸ்’ஸையும் எழுதினார். பின்னாளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘விஐ’ எடிட்டரை உருவாக்கியவர். அத்தனை பெருமைக்கு நடுவில் இந்தச் சின்னக் கமாண்டுகளை யாரும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு விஐ-யைவிட இவை பிடிக்கும்.

வரியின் வடிவத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கு இது புதிதல்ல. பஸ்ஸின் நெற்றியில் 21ஜி என்று எண், பக்கத்தில் பிராட்வே என்று ஊர். ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அது போதும். எத்தனை நிறுத்தம், டிக்கெட் எவ்வளவு என்பதெல்லாம் உள்ளே ஏறிய பிறகு. வாட்இஸ் வரியும் அவ்வளவே சொல்கிறது. எழுவாய் கிடையாது, தமிழ் இலக்கணப்படி தோன்றா எழுவாய். கோட்டுக்கு இடப்பக்கம் நிற்கும் பெயரே எழுவாயாகிவிடுவதால் ‘இந்தக் கமாண்ட்’ என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் முற்றுப்புள்ளியும் இல்லை. ‘மிகவும்’, ‘எளிதாக’, ‘சிறந்த’ போன்ற சொற்களை நல்ல வரிகளில் பார்க்கவே முடியாது. விளம்பர உலகில் பழகிய கண்ணுக்கு அந்த இல்லாமையே ஒரு குளிர்ச்சி.

பெயருக்கும் கோட்டுக்கும் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் வரும் என்றேனே, அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. கையேடு எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. 1 என்றால் எல்லாரும் பயன்படுத்தும் கமாண்ட். 2 இயங்குதளத்தின் கருவிடம் நிரல்கள் வைக்கும் வேண்டுகோள்கள். 3 நிரல் நூலகங்கள். 4 சாதனங்கள், 5 கோப்பு வடிவங்கள், 6 விளையாட்டு, 7 பல்வகை, 8 நிர்வாகிக்கு உரியவை. ஒரே பெயர் இரண்டு மூன்று பகுதிகளில் இருக்கலாம். அப்போது வாட்இஸ் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும்.

‘டைம்’ என்று கேட்டுப் பாருங்கள். தேவையான மென்பொருள் பொதிகள் எல்லாம் இருக்கும் கணினியில் மூன்று வரி வரும். முதல் பகுதியிலிருந்து: ‘நிரல்களை ஓட்டி, அவை கணினியின் வளத்தை எவ்வளவு செலவழித்தன என்று தொகுத்துச் சொல்லும்.’ இரண்டாம் பகுதியிலிருந்து: ‘நேரத்தை விநாடிகளில் பெறும்.’ 1970 ஜனவரி 1 முதல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த விநாடிக் கணக்கு இது. ஏழாம் பகுதியிலிருந்து: ‘காலமும் காலங்காட்டிகளும், ஒரு மேலோட்டப் பார்வை.’ ஒரு திரையில் காலத்துக்கு மூன்று முகம். ஓடிய பந்தயத்துக்கு நேரம் பார்ப்பவருக்கு முதல் வரி, மணி என்ன என்று கேட்பவருக்கு இரண்டாவது, காலம் என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசிப்பவருக்கு மூன்றாவது. ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல்லில் இரண்டெழுத்தை விழுங்கிய ‘பாஸ்வட்’டும் இப்படித்தான்: 1இல் ‘பயனரின் கடவுச்சொல்லை மாற்றும்’, 5இல் ‘கடவுச்சொல் கோப்பு’. முதலாவது வினை, இரண்டாவது பொருள்.

நிகண்டு படித்த தலைமுறைக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். திவாகரமும் சூடாமணி நிகண்டும் பன்னிரண்டு தொகுதிகள். முதல் பத்தும் ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களை அடுக்கும். பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருள். ஒரு சொல்லைச் சொல்லி, அதற்குள்ள பொருள்களையெல்லாம் வரிசையாகத் தரும். டைமுக்கு மூன்று வரி தருவது அந்தப் பதினோராம் தொகுதி வேலை. நிகண்டுக்காரர்கள் மனப்பாடத்துக்காகச் சுருக்கினார்கள், இவர்கள் திரையின் அகலத்துக்காகச் சுருக்குகிறார்கள். இன்றும் வரி திரைக்கு மேல் நீண்டால் வாட்இஸ் அதை வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். முழுதும் வேண்டுமென்றால் ‘நீளமாக’ என்று விருப்பக்குறி கொடுத்துக் கேட்க வேண்டும்.

பெயர் தெரிந்தால் வாட்இஸ். வேலை தெரியும், பெயர் தெரியாது என்றால் அப்ரோபோஸ். ‘கடவுச்சொல்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால், அது எந்தெந்த வரிகளில் வருகிறதோ அத்தனையையும் கொண்டுவந்து கொட்டும். அச்சுக் காலத்தில் இதே வேலையை யூனிக்ஸ் கையேட்டின் சுழல் அட்டவணை செய்தது. ஒவ்வொரு ஒற்றை வரியையும் எடுத்து, அதிலுள்ள முக்கியச் சொல் ஒவ்வொன்றும் ஒரு முறை நடுவில் வந்து நிற்கும்படி வரியைச் சுழற்றி, அகரவரிசைப்படி அடுக்கியிருப்பார்கள். அதைத் தயாரித்த ‘பிடிஎக்ஸ்’ என்ற கமாண்டின் க்னூ வடிவம் இன்றும் லினக்ஸில் இருக்கிறது, தேடுவார் அதிகமில்லை. உ.வே.சா. தம் பதிப்புகளின் முடிவில் அரும்பத அகராதி என்று பக்கம் பக்கமாகச் சேர்த்தாரே, அதைப் புரட்டி வளர்ந்தவர்களுக்கு இந்த அட்டவணையின் உழைப்பு புரியும். மூல வரியில் சரியான சொல் இல்லாவிட்டால் எந்த அட்டவணையும் உதவாது. வரி எழுதுபவர், தேடுபவர் எந்தச் சொல்லோடு வருவார் என்றும் யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஐந்து சொல்லுக்குள் விளக்கமும் தர வேண்டும், சாவியும் வைக்க வேண்டும்.

கிடைக்காதபோது இவை சொல்லும் பதிலும் ஒரு தனி அழகு. ‘பிழை’ என்று கத்தாது, எண் போட்டு மிரட்டாது. ‘பொருத்தமானது ஒன்றுமில்லை’ என்று மட்டும் சொல்லும். பழைய நூலகர் ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில். தினமும் அடிக்கும் ‘சிடி’ கமாண்டுக்கே பெரும்பாலான கணினிகளில் இந்தப் பதில்தான் வரும். பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். சிடி தனி நிரல் இல்லை, ஷெல்லின் உறுப்பு. அதனால் அதற்குத் தனிப் பக்கமும் இல்லை. அதைப் பற்றி ஷெல்லிடம்தான் கேட்க வேண்டும். பேஷில் ‘ஹெல்ப்’ என்று அடித்து, ‘டி’ என்ற விருப்பக்குறி வைத்து, சிடி என்று கொடுத்தால் ஒரு வரி வரும்: ‘ஷெல் வேலை செய்யும் டைரக்டரியை மாற்றும்.’ இதே வழியில் வெறும் முக்காற்புள்ளியைக் கொடுத்துக் கேட்டேன். பேஷில் அதுவும் ஒரு கமாண்ட். பதில் இரண்டே சொல்: ‘வெற்றுக் கமாண்ட்.’

இந்த வரிகள் கணினிக்குள் சேரும் விதமும் கறாரானது. லினக்ஸில் பெரும்பாலும் இருப்பது ‘மேன்-டிபி’ என்ற மென்பொருள். 2001 முதல் காலின் வாட்சன் பராமரிக்கிறார். அதிலுள்ள ‘மேன்டிபி’ நிரல் பக்கங்களையெல்லாம் திறந்து, ‘பெயர்’ தலைப்பின் கீழ் உள்ள வரியை மட்டும் பிய்த்தெடுத்து அட்டவணையில் போட்டு வைக்கும். நாம் கேட்கும்போது வாட்இஸ் பார்ப்பது அந்த அட்டவணையைத்தான். பெயர், சாய்கோட்டோடு கூடிய சிறு கோடு, விளக்கம் என்ற வரிசை தவறினால் அந்தப் பக்கத்தை அதனால் படிக்க முடியாது. இன்ன பக்கத்தின் வாட்இஸ் வரியைப் பிரிக்க முடியவில்லை என்று எச்சரித்துவிட்டுப் போய்விடும். பக்கம் நாற்பது பத்தி இருந்தாலும் சரி, தேடுபவருக்கு அது இல்லாத பக்கம். டெபியன் லினக்ஸில் பொதிகளைச் சோதிக்கும் ‘லின்டியன்’ என்ற கருவி, வாட்இஸ் வரி கெட்டிருந்தால் அதை ஒரு குற்றமாகவே குறித்துக் காட்டும்.

டெபியனைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு லினக்ஸ் முதலில் கைக்கு வந்தது அந்த வழியாகத்தான். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 2007இல் ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸும் ஏறியிருந்தது. அதற்கும் முன்னால், 2005இல், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கியபோது சி-டாக்கோடு சேர்ந்து அதை நடத்தியது குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம். எம்.ஐ.டி. என்றால் எனக்கு அங்கே படித்த சுஜாதா நினைவு வந்துவிடும். இந்த ஒற்றை வரிகள் கண்ணில் பட்டிருந்தால் அவர் ஒரு பத்தி எழுதாமல் விட்டிருக்க மாட்டார். அந்த அரசு லேப்டாப்களில் எத்தனையோ பேர் பாஸ் பக்கமே போகாமல் படம் பார்த்தார்கள். இந்த வரிகள் எல்லாம் அதற்குள் மடித்து வைத்த துணி போல இருந்தன.

வாட்இஸ்ஸிடம் வேறு மொழியில் பதில் கேட்கவும் வழி உண்டு. ஜெர்மன், பிரெஞ்சுப் பக்கங்களுக்கு டெபியனில் தனிப் பொதிகளே இருக்கின்றன. தமிழுக்கு அப்படி ஒரு பொதி இல்லை. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும் து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களும் லினக்ஸைத் தமிழில் விரிவாகச் சொல்லித் தந்திருக்கின்றன. விரித்துச் சொல்ல ஆள் கிடைத்துவிட்டார்கள். இந்த அளவுக்குச் சுருக்கிச் சொல்வது வேறு பயிற்சி.

அந்தப் பயிற்சியை வகுப்பில் கொடுத்துப் பார்ப்பேன். சொந்தமாக எழுதிய சிறு நிரலுக்கு ஒரு கையேட்டுப் பக்கம் எழுதி, மேன்டிபியை ஓட்டி, வாட்இஸ் அடித்தால் தமிழிலேயே பதில் வர வேண்டும். அண்மையில் முடிச்சூர்ப் பையன் ஒருவன், செல்போன் படங்களின் பெயரை மாற்றும் நிரல் ஒன்றைக் கொண்டுவந்தான். முதல் வரி இப்படி இருந்தது: ‘இது உங்கள் புகைப்படங்களை மிக எளிதாக ஒழுங்குபடுத்த உதவும் ஒரு பயனுள்ள நிரல்.’ ‘இது’ போனது. ‘உங்கள்’, ‘மிக எளிதாக’, ‘பயனுள்ள’ போயின. ‘உதவும்’ என்பதற்குச் சண்டை நடந்தது. நிரல் உதவவில்லை, தானே செய்கிறது என்று ஒரு பெண் சொன்னதும் அதுவும் போனது. ‘ஒழுங்குபடுத்த’ என்றால் என்ன செய்யும் என்று கேட்டார்கள். கடைசியில் நின்றது: ‘படத்துக்கு, எடுத்த தேதியையே பெயராக வைக்கும்.’

கைதட்டி முடித்த பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வாட்ஸ்அப்ல வந்த படத்துல எடுத்த தேதியே இருக்காதேடா, அதுக்கு என்ன பேரு வைக்கும்?" உண்மைதான், வாட்ஸ்அப் வழியாக வரும் படத்தில் அந்தக் குறிப்பு உரிந்துபோய்விடும். பையன் கொஞ்ச நேரம் யோசித்து வரியின் முடிவில் ஒரு காற்புள்ளி போட்டு ‘இருந்தால்’ என்று சேர்த்தான். அந்த ஒரு சொல் வரியில் இருக்க வேண்டுமா, உள்ளே ‘குறைகள்’ பகுதிக்குப் போக வேண்டுமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். நான் ‘இருந்தால்’ கட்சி. ஷ்ரெட்டின் ‘விரும்பினால்’ என்ற சொல்லைச் சாட்சிக்கு இழுத்தேன். எதிர்க்கட்சி டச்சின் வரியை எடுத்துக்கொண்டு வந்து நின்றது.